சாய்த்து வைத்த அம்மி

அகத்தா லியோனார்ட். பிறப்பு 1904, திருச்சிராப்பள்ளி ஜில்லா. இறப்பு 1962, கெடா மாநிலம், செர்டாங்கை அடுத்த பாலத்துத் தோட்டம். முப்பது ஆண்டுகள் அத்தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்.

பாலத்துத் தோட்டத்திற்கு அவர் வந்து சேர்ந்தது 1932-ஆம் ஆண்டின் தொடக்கத்தில். ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். சுங்கை பட்டாணிக்கு அப்பால் அவர் வேலை செய்துவந்த குளத்துத் தோட்டத்தில் வரிசை வீடுகளான லயங்களில் பாதியை மூடிவிட்டு, மிஞ்சிய ஆட்களை அங்குமிங்குமாகப் பிரித்து அனுப்பினார்கள். அகத்தாவின் பங்குக்குச் செர்டாங் வந்தது. ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், கண்ணாடிச் சட்டமிட்ட திருக்குடும்பப் படம் ஆகியவற்றோடு அவர் மாட்டுவண்டியிலிருந்து இறங்கியபோது, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஹெர்பர்ட் சாவிக்கொத்துடன் மூன்றாம் லயத்தின் கடைசி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"தனியாவா வந்தீங்க?"

"வீட்டுக்காரர் வருவாருங்க ஐயா. தஞ்சோங் டாவாய்ப் பக்கம் வேலை தேடிப் போயிருக்காரு."

"எப்ப போனாரு?"

அகத்தா பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். லியோனார்ட் புறப்பட்டுப் போய் ஓராண்டு முடியவிருந்தது. அதை வாயால் சொல்லிவிட்டால் அது இன்னும் நீண்டுவிடும் என்று அவருக்குத் தோன்றியது. ஹெர்பர்ட்டும் மறுபடி கேட்கவில்லை. கதவைத் திறந்துவிட்டு உள்ளே கையைக் காட்டினார்.

"அடுப்போரத்துல ஒரு அம்மி கெடக்கு. முன்னாடி இருந்த மருதம்மாளோடது. போன மாசம் நாகப்பட்டணத்துக்குக் கப்பலேறிட்டா. வித்துட்டுப் போயேன்னு சொன்னேன், மாட்டேன்னுட்டா. கெடந்துட்டுப் போகட்டும்."

அக்காலத்துத் தோட்டங்களில் இதற்கு ஒரு நடைமுறை இருந்தது. யாரும் அதை வகுத்து வைக்கவில்லை, எல்லாரும் அறிந்திருந்தார்கள். ஊரோடு போய்விடுகிறவர்கள் சட்டி பானை முதற்கொண்டு விற்றுவிட்டுத்தான் கப்பலேறுவார்கள். ஏதேனும் ஒரு பொருளை விட்டுவிட்டுப் போனால், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போவதாகப் பொருள். அடுத்து அந்த வீட்டுக்குக் குடிவருகிறவர் அதை விற்கக் கூடாது, வெளியே எறியக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத அம்மக்களுக்கு, சொல்லிவிட்டுப் போவதற்கு அதைவிட உறுதியான வழி வேறு இல்லை.

அகத்தாவும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார். குளத்துத் தோட்டத்து வீட்டில், லியோனார்ட் மாட்டி வைத்திருந்த அதே ஆணியில், அவருடைய அரிக்கன் விளக்கை அப்படியே தொங்கவிட்டு வந்தார். கணவர் வந்து கதவைத் திறந்தால் விளக்கைக் காண்பார். அகத்தா ஊருக்குக் கப்பலேறவில்லை, இந்தச் சீமையில்தான் எங்கோ இருக்கிறாள் என்று புரிந்துகொள்வார். பிறகு விசாரித்து வந்துவிடுவார். அந்த விளக்கு ஆணியில் தொங்கும்வரை தமக்கு நம்பிக்கை உண்டு என்று அகத்தா எண்ணினார். ஆனால் அது தொங்குவது இனிக் குடிவரப்போகும் முகமறியாத ஒருவர் கையில் இருந்தது.

ஆகவேதான் மருதம்மாளின் அம்மியைக் கண்டதும் அவர் தம் பெட்டியைக்கூடத் திறக்காமல் அதன் அருகே குந்தினார். நல்ல கருங்கல். நடுவில் இலேசான பள்ளம். குழவியின் இரு முனைகளும் கை பட்டுப் பட்டு வழவழத்திருந்தன. இந்த அம்மியை நான் எப்படிப் பார்த்துக்கொள்கிறேனோ அப்படியே என் விளக்கையும் அங்கே ஒருத்தி பார்த்துக்கொள்வாள் என்று அவர் மனத்துக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். எதிர்த்தரப்பில் இருப்பவள் யார் என்று தெரியாமலே செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

கூரைத் தகரத்தில் ஓர் ஓட்டை இருந்தது. மழை பெய்தால் நீர் நேராக அம்மியின்மேல் சொட்டியது. வீட்டில் நனையாத மூலை ஒன்றே ஒன்று. அங்கே அம்மியைத் தரையோடு போட்டால் பாய் விரிக்க இடமில்லை. பக்கத்து வீட்டுக் கோழி வேறு ஏறி உட்கார்ந்து அசிங்கம் செய்தது. அகத்தா அம்மியைப் பக்கவாட்டில் நிமிர்த்திச் சுவரோடு சாய்த்து வைத்தார். குழவியை அதன் காலடியில் கிடத்தினார். தூசு படியாதிருக்கத் தம் வெள்ளை முக்காட்டுத் துணியை அதன்மேல் போர்த்தினார். அது அவர் பூசைக்குப் போகும்போது தலையில் இட்டுக்கொள்ளும் துணி. அவரிடம் இருந்தவற்றில் அதுவே சுத்தமானது. அம்மிக்கு மேலே சுவரில் ஒரு பலகையை அடித்துத் திருக்குடும்பப் படத்தை வைத்து, கண்ணாடிக் குவளையில் தேங்காயெண்ணெய் ஊற்றி ஒரு திரி மிதக்கவிட்டார். லியோனார்ட் வந்து சேரும்வரை அது அணையாமல் எரிய வேண்டும் என்பது நேர்ச்சை. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் எண்ணெய் ஊற்றுவார். வெட்டு முடிந்து வந்ததும் மறுபடி ஊற்றுவார்.

அந்த அம்மியில் அவர் ஒரு மிளகைக்கூட வைத்து அரைக்கவில்லை. பிறர் பொருள், வைத்துவிட்டுப் போனவள் வந்து எடுத்துக்கொள்ளும்போது வைத்தபடியே இருக்க வேண்டும். சாயங்காலந்தோறும் மிளகாயையும் மல்லியையும் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் குணவதியிடம் போய் நிற்பார்.

குணவதி சேலத்துப் பக்கத்துக்காரர், அகத்தாவுக்கு மூத்தவர், வாய் ஓயாதவர்.

"வந்துட்டியா? வீட்டுல அம்மிய வச்சுக்கிட்டு ஊரான் வீட்டு அம்மிய தேய்க்கிற வேதக்காரி இந்தச் சீமையிலேயே நீ ஒருத்திதாண்டி."

"அது என்னோடது இல்லையேக்கா."

"அப்ப இது மட்டும் உங்கப்பன் செஞ்சு குடுத்ததா? அரை, அரை. என் கல்லுல பாதி உன் கொழம்புலதான் போயிருக்கு." மிளகாய்க் காம்புகளைக் கிள்ளிப் போட்டபடி குணவதி தொடர்ந்தார். "மருதம்மா போறப்ப எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா. அவ புருசன் பக்கிரிசாமி வேலை இல்லாம கடலோரம் பொழைக்கப் போனவன், ரெண்டு வருசமா ஒரு சேதி இல்ல. வந்தான்னா, நான் ஆத்தா வீட்டுக்குத்தான் போயிருக்கேன், திரும்பி வருவேன்னு சொல்லுன்னா. அவன் எங்க வரப்போறான்."

"வருவாருக்கா" என்றார் அகத்தா. யாருடைய கணவரைச் சொல்கிறோம் என்று அவருக்கே அந்நேரம் தெளிவாக இல்லை. குழவியை இழுத்துத் தள்ளிய வேகத்தில் மிளகாய் கண்ணில் தெறித்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்படியே ஒன்றரை ஆண்டு கழிந்தது.

1933-ஆம் ஆண்டு ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அகத்தா மிளகாய் வாங்கச் செர்டாங் பாசாரில் உள்ள கவுஸ் பாய் கடைக்குப் போனார். பாலத்துத் தோட்டத்து ஆட்களுக்கு அரிசி பருப்பிலிருந்து துணிமணி வரை அந்தக் கடைதான். கவுஸ் பாய் தராசுத் தட்டில் மிளகாயை அள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, உங்க லயத்துல மவுத்து நடந்திருக்கு, ஒருத்தரும் மூச்சு விடலியே?"

"எங்க லயத்துலயா? யாருமில்லையே பாய்."

"இல்லைங்கிறீங்க. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடைய சாத்தப் போறேன், ஒரு மனுசன் வந்து நிக்கிறாரு. எள்ளு குடு, கோடித்துணி குடுங்கிறாரு. கண்ணு ரெண்டும் கோவப்பழமா இருக்கு. யாருக்கப்பான்னா, பொண்டாட்டிக்குன்னாரு. மூணாம் லயம் கடைசி வீடாம்."

அகத்தாவின் கை தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "கடைசி வீடு என்னோடது பாய்."

"அதான பாத்தேன். நீங்கதான் நிக்கிறீங்களே முன்னால." கவுஸ் பாய் தராசைக் கீழே வைத்தார். "அவரு வீட்டுக்குள்ள போகலையாம்மா. எல்லாரும் வெட்டுக்குப் போயிருந்தீங்களாம். பாதிக் கதவுக்கு மேலால எட்டிப் பாத்திருக்காரு. அம்மிய சாய்ச்சு வச்சு, வெள்ளத்துணி போத்தி, பக்கத்துல வெளக்கு எரிஞ்சுச்சாம். அவங்க ஊர்ப் பக்கம் சாவு விழுந்த வீட்டுல காரியம் முடியிற வரைக்கும் அம்மிய அப்படித்தான் வைப்பாங்களாம். பாத்ததுமே வெளங்கிடுச்சு பாய், யார்ட்ட போய் என்னன்னு கேக்கிறது, மூணு வருசம் ஒரு காசு அனுப்பாதவன் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கிறதுன்னு அழுதாரு. கோத்தா கோலா மூடாவுல ஒரு சீனத் தவுக்கே மொதலாளிகிட்ட கருவாட்டு வண்டி ஓட்டுறாராம். ஆடி அமாவாசைக்கு ஆத்து முகத்துவாரத்துல காரியம் பண்ணப் போறாராம்."

அகத்தா மிளகாயை வாங்கிக்கொள்ளாமலே கடையை விட்டிறங்கினார். கவுஸ் பாய் பின்னாலிருந்து கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து பாதிக் கதவுக்கு வெளியே, அந்த மனிதர் நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்று உள்ளே பார்த்தார். அம்மி சுவரோடு சாய்ந்து நின்றது. வெள்ளைத் துணி. காலடியில் குழவி. மேலே பகலிலும் எரியும் விளக்கு. தாம் ஒவ்வொன்றையும் எவ்வளவு பக்தியாக அடுக்கினாரோ அவ்வளவு பொருத்தமாக அது ஒரு சாவு வீடாக இருந்தது. உயிரோடு இருக்கும் மருதம்மாளுக்கு அவள் கணவர் எள்ளும் தண்ணீரும் இறைக்கப் போகிறார். அதன் பிறகு அவர் ஏன் அவளைத் தேடப் போகிறார்? அவள் கப்பலில் திரும்பி வந்து நின்றாலும் எங்கே போய் அவரைக் காண்பாள்?

அத்தோடு வேறொன்றும் அகத்தாவின் நெஞ்சில் தைத்தது. குளத்துத் தோட்டத்து வீட்டில் லியோனார்ட் எட்டிப் பார்த்திருந்தால் எதைக் கண்டிருப்பாரோ.

மறுநாள் பெரட்டில் அவர் கிராணி ஹெர்பர்ட்டிடம் லீவு கேட்டார்.

"வியாழன் வரைக்கும் ஆள் விட முடியாதும்மா. வெள்ளிக்கிழமை போங்க. சனிக்கிழமையும் சேத்து ரெண்டு நாள் பேரும் கூலியும் போயிடும், தெரியுமில்ல?"

"போகட்டுங்க ஐயா."

"அப்படி என்ன அவசரம்?"

"ஒருத்தங்க சாகலைன்னு போய்ச் சொல்லணும்."

ஹெர்பர்ட் பேனாவைக் காதிலிருந்து எடுத்து, அவர் பெயருக்கு நேரே இரண்டு நாளுக்கும் கோடு போட்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டு, செர்டாங்கிலிருந்து கூலிம், கூலிமிலிருந்து சுங்கை பட்டாணி, அங்கிருந்து கடற்கரை என்று பஸ் மாறி மாறி, பொழுது சாயும் நேரத்தில் அகத்தா கோத்தா கோலா மூடாவில் இறங்கினார். பஸ் நிறுத்தத்திலேயே கருவாட்டு வாடை வழிகாட்டியது. தட்டிகளில் மீன் காயவைத்திருந்த களத்தின் ஓரத்தில், மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு நுகத்தடியின்மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, பல நாள் தாடி. பக்கத்தில் மஞ்சள் பையொன்று, வாய் கட்டியபடி இருந்தது.

"அண்ணே, பக்கிரிசாமிங்கிறது நீங்களா?"

அவர் தலையை நிமிர்த்தினார்.

"நான் பாலத்துத் தோட்டத்துலேருந்து வரேன். மருதம்மா சாகலண்ணே. ஊருக்குப் போயிருக்காங்க, ஆத்தா வீட்டுக்கு. கப்பல்ல போனாங்க."

பக்கிரிசாமி அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சிக்குப் பதில் கோபந்தான் முதலில் வந்தது. "என் கண்ணால பாத்துட்டு வந்திருக்கேன்ம்மா. ஆறுதல் சொல்ல வந்தா வேற ஏதாச்சும் சொல்லுங்க."

"நீங்க பாத்தது என் வீடு."

"அம்மி அவளோடது. நான்தான் கல்லு பாத்து வாங்கிக் குடுத்தேன். எனக்குத் தெரியாதா?"

"அம்மி அவங்களோடதுதான். சாய்ச்சு வச்சது நான். தரையில தண்ணி ஒழுகுதேன்னு வச்சேன்."

"அந்த வெள்ளத்துணி?"

"கோயிலுக்குப் போட்டுக்கிற என் முக்காடு."

"வெளக்கு?"

"என் வீட்டுக்காரருக்கு."

பக்கிரிசாமியின் குரல் இறங்கியது. "அவரு தவறிட்டாரா?"

"இல்லண்ணே. வரணும்னு வச்சிருக்கேன்."

பக்கிரிசாமி மஞ்சள் பையை மடியில் எடுத்து வைத்து அதன் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தோள்கள் குலுங்கின. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அகத்தாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நல்ல கூத்தும்மா இது. நீங்க இருக்கிற ஆளுக்கு வெளக்கு வைக்கிறீங்க, நான் இருக்கிறவளுக்கு எள்ளு வாங்கிட்டு ஒக்காந்திருக்கேன். நாளைக்கு மட்டும் நீங்க வந்திருந்தா நான் மொட்டத் தலையோடதான் நின்னிருப்பேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன சொல்லிட்டுப் போனா?"

"திரும்பி வருவேன்னு. குணவதி அக்காகிட்ட சொல்லியிருக்காங்க."

"கோவமா இருந்தாளா?"

"கோவமா இருந்தா அம்மிய விட்டுட்டுப் போவாங்களா?"

இதற்கு மேல் அவருக்கு எதுவும் கேட்கத் தேவைப்படவில்லை. அகத்தாவுக்குத்தான் கேட்க ஒன்று இருந்தது. அவர் எதிர்ப்படும் எல்லாரிடமும் கேட்பதுதான். லியோனார்ட் என்று பெயர், உயரமானவர், இடது புருவத்தில் ஒரு தழும்பு, தஞ்சோங் டாவாய்ப் பக்கம் வேலை தேடிப் போனவர். பக்கிரிசாமி நெற்றியைச் சுருக்கி நெடுநேரம் யோசித்தார். இல்லை என்று சொல்ல மனம் வராமல் யோசிக்கிறார் என்பது அகத்தாவுக்குத் தெரிந்தது.

"மாசத்துல ரெண்டு தடவ அந்தப் பக்கம் லோடு போவேன். கேட்டுப் பாக்கிறேன்ம்மா. கட்டாயம் கேக்கிறேன்."

அன்று ஒரு வண்டிக்காரக் குடும்பத்தோடு அகத்தாவைத் தங்கவைத்துவிட்டு, மறுநாள் விடியலில் பக்கிரிசாமியே பஸ் ஏற்ற வந்தார். மற்றவர்கள் அமாவாசைத் தர்ப்பணத்துக்கு ஆற்று முகத்துவாரத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். பையிலிருந்த எள்ளைத் தம் மாட்டுக்குத் தீனியோடு கலந்து வைத்துவிட்டதாக அவர் சொன்னார். பஸ் கிளம்பும்போது சன்னலருகே வந்தார்.

"அந்த அம்மிய எறக்கிப் போட்டு அரைங்கம்மா. சும்மா கெடந்தா கல்லு செத்த கல்லுதான். அரைச்ச ஈரம் இருந்துச்சுன்னா எட்டிப் பாக்கிறவனுக்கு உள்ள ஒருத்தி இருக்காங்கிறது தெரியும்ல."

சுங்கை பட்டாணியில் இறங்கியதும் அகத்தா கூலிம் பஸ்ஸை விட்டுவிட்டுக் குளத்துத் தோட்டத்திற்கு நடந்தார். மூடிய லயங்கள் சிலவற்றில் மறுபடி ஆட்கள் வந்திருந்தார்கள். அவருடைய பழைய வீட்டு வாசலில் ஓர் இளம்பெண் உட்கார்ந்து விளக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். அது லியோனார்ட்டின் அரிக்கன் விளக்கு. கைப்பிடிக் கம்பியில் அவர் சுற்றியிருந்த சணல்கூட அப்படியே இருந்தது.

பிறர் பொருளைத் தொட்டு எடுத்துப் புழங்குகிறாளே என்று அகத்தாவுக்கு ஆத்திரம் வந்தது.

"யார்ம்மா வேணும்?" என்றார் அந்தப் பெண்.

"இது என் வீட்டுக்காரர் விளக்கு."

பெண் சட்டென்று எழுந்து நின்றார். பெயர் பிரேமாவதி, மணமாகி வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. "நீங்கதானாக்கா அது? ஆணியில தொங்குச்சு. யாரோ திரும்பி வருவாங்கன்னு தெரியும்க்கா, அதான் வேற எங்கயும் வைக்கல. ராத்திரி ஆனா கொளுத்தி வாசல்ல மாட்டுவேன், காலையில தொடச்சு அதே ஆணியில மாட்டிடுவேன். சும்மா தொங்குனா துருப்பிடிச்சுப் போயிருக்கும்க்கா. தப்பா?"

அகத்தா விளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். தகரத்தில் துரு இல்லை. திரி நேராகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. கண்ணாடியில் பிரேமாவதியின் விரல் ஈரம் இன்னும் உலரவில்லை. தாம் ஒன்றரை ஆண்டுகள் துணி போர்த்தி வைத்த அம்மி அவர் நினைவுக்கு வந்தது. ஒப்பந்தத்தின் எதிர்த்தரப்பில் இருந்தவள் தம்மைவிட நன்றாகவே நடந்துகொண்டிருக்கிறாள்.

"யாராச்சும் வந்தாங்களாம்மா? தேடிக்கிட்டு?"

பிரேமாவதி தலையசைத்தார். "ஒருத்தரும் வரலக்கா."

வந்து, பார்த்து, தவறாகப் புரிந்துகொண்டு போய்விடவில்லை. அதுவே ஓர் ஆறுதல். ஆனால் அவர் வரவும் இல்லை. இரண்டும் ஒரே விடைக்குள் இருந்தன. எதை எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் அகத்தா கொஞ்ச நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பிரேமாவதி கொடுத்த காப்பியைக் குடித்தார். எழுந்தபோது விளக்கை அவரிடமே நீட்டினார்.

"எரியட்டும். உயரமா ஒருத்தர் வந்து இது என் விளக்குன்னு சொன்னாருன்னா, செர்டாங், பாலத்துத் தோட்டம், மூணாம் லயம், கடைசி வீடுன்னு சொல்லும்மா."

"செர்டாங், பாலத்துத் தோட்டம், மூணாம் லயம், கடைசி வீடு" என்று பிரேமாவதி பாடம் ஒப்பிப்பதுபோல் திருப்பிச் சொன்னார்.

வீடு திரும்பிய மறுநாள் பொழுது விடிந்ததும் அகத்தா ஓர் ஏணியை இரவல் வாங்கித் தகரத்து ஓட்டையைக் கீல் பூசி அடைத்தார். அம்மியைச் சாய்வெடுத்து, கதவுக்கு நேராக, வெளியிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படும்படி தரையில் இறக்கிப் போட்டார். துலக்கிக் கழுவிவிட்டு, கவுஸ் பாய் ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்த மிளகாயை வைத்து அரைத்தார். சத்தம் கேட்டுக் குணவதி வந்து எட்டிப் பார்த்தார்.

"அட, வேதக்காரிக்குப் புத்தி வந்திருச்சு. இனி என் கல்லு பொழைச்சுது."

"கொழம்பு வச்சதும் ஒரு கிண்ணம் தரேன்க்கா."

"ஒரு கிண்ணமா? ஒன்றரை வருசத்துக்கு ஒரு அண்டா தரணும்டி."

பக்கிரிசாமி சொன்னபடி விசாரித்தார். தஞ்சோங் டாவாயில், புருவத்தில் தழும்புள்ள ஓர் உயரமான தமிழர் சயாம் பக்கம் போகும் படகில் ஏறியதைக் கண்டதாக ஒரு மலாய்ப் படகுக்காரர் சொன்னார். எந்த ஆண்டு என்று அவருக்கு நினைவில்லை. திரும்பிய படகில் அந்த மனிதர் இருந்தாரா என்பதும் தெரியவில்லை. அதற்கப்பால் ஒரு சேதியும் வரவில்லை.

1935-இல், தோட்டங்களுக்கு மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கிய பிறகு, மருதம்மாள் கப்பலில் திரும்பி வந்தார். பக்கிரிசாமி பினாங்குத் துறைக்கே போய் அழைத்துக்கொண்டார். கோத்தா கோலா மூடாவில் வீடு பிடித்த பின், இருவரும் கருவாட்டு வண்டியிலேயே அம்மியை ஏற்றிப்போகச் செர்டாங்குக்கு வந்தார்கள்.

அகத்தா அன்று காலையிலேயே அம்மியைக் கழுவித் தயாராக வைத்திருந்தார். அதை விட்டுப் பிரிவதை எண்ணி அவர் சரியாக உறங்கவில்லை. அம்மி இல்லாத அந்த இடத்தை மனத்தால் நினைத்துப் பார்த்தபோது வீடே வெறிச்சோடியது. ஆனால் பிறர் பொருள் பிறர் பொருள்தான்.

மருதம்மாள் வாட்டசாட்டமான பெண். பேச்சு வெட்டொன்று துண்டிரண்டு. உள்ளே வந்ததும் குந்தி அம்மியின் பள்ளத்தில் கையை வைத்துப் பார்த்தார்.

"நான் விட்டுட்டுப் போனதவிட ஆழமா இருக்கு. நல்லாத்தான் அரைச்சிருக்கீங்க."

"மன்னிச்சுக்குங்க. அவருதான் அரைக்கச் சொன்னாரு."

"மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு? நீங்க மட்டும் பஸ் ஏறி வரலைன்னா இந்த மனுசன் எனக்கு எள்ளு எறைச்சிட்டு வேற எவளையாவது சேத்திருப்பாரு."

"ஏய், யாரு கண்டா?" என்றார் வாசலில் நின்ற பக்கிரிசாமி.

"நான் கண்டேன். சும்மா இருங்க." மருதம்மாள் எழுந்து பாதிக் கதவு வரை போய், வெளியே நின்று, உள்ளே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கணவரிடம் திரும்பினார். "வண்டிய பூட்டுங்க. அம்மி இங்கேயே இருக்கட்டும்."

"என்னடி, அதுக்குத்தானே வந்தோம்?"

"இதத் தூக்கிட்டுப் போயிட்டா, இவங்க வீட்டுக்காரரு வந்து எட்டிப் பாத்தா இந்த எடம் காலியா இருக்கும். அவரு என்னன்னு நெனைப்பாரு? ஒரு ஆளு எட்டிப் பாத்த கதைதான் நமக்குத் தெரியுமே." அகத்தாவின் கையைப் பிடித்துக் குழவியின்மேல் வைத்தார். "உங்க வீட்டுக்காரரு வர்ற அன்னிக்கு நானே வந்து எடுத்துக்கிறேன். அதுவரைக்கும் அரைச்சுக்கிட்டே இருங்க."

அந்தச் சொல்லை அகத்தா காப்பாற்றினார். ஜப்பான்காரன் காலத்தில் மிளகாய் கிடைக்காதபோது மரவள்ளிக் கிழங்கை வைத்து அரைத்தார். அதுவும் இல்லாத நாட்களில் வெறுங்கல்லைத் தண்ணீர் தெளித்துத் தேய்த்து ஈரமாக வைத்தார். பிரேமாவதிக்கு ஐந்து பிள்ளைகள் பிறந்தன; அரிக்கன் விளக்கில் கண்ணாடி இரண்டு முறை மாற்றியதாக ஆள்மூலம் சொல்லி அனுப்பினார். 1954-இல் பலகை லயங்களை இடித்துவிட்டுக் கல் வீடுகள் கட்டியபோது, ஹெர்பர்ட்டுக்குப் பின் வந்த கிராணி அகத்தாவுக்கு நடுவில் ஒரு நல்ல வீடு ஒதுக்கினார். அகத்தா கடைசி வீடுதான் வேண்டும் என்று மறுத்துவிட்டார். புதிய வீட்டில் முழுக் கதவு இருந்தது. பகல் முழுவதும் அதைத் திறந்தே வைத்தார். அம்மி வாசலுக்கு நேராகவே கிடந்தது.

குணவதியின் மகள் ஒருமுறை மாவு மில்லில் அரைத்த மிளகாய்த்தூளைக் கொண்டுவந்து கொடுத்து, "இனிமே எதுக்கு அத்தே கை நோக அரைக்கிறீங்க?" என்று கேட்டாள். அகத்தா தூளை வாங்கி டப்பாவில் போட்டு மூடினார். சாயங்காலம் பத்து மிளகாயை எடுத்து ஊறவைத்தார்.

பக்கிரிசாமி 1949-இல் இறந்தார். மருதம்மாள் அவருக்குக் காரியம் செய்து, ஊர் வழக்கப்படி தம்முடைய புது அம்மியைச் சாய்த்து வைத்திருந்ததை, துக்கம் கேட்கப் போயிருந்த அகத்தா கண்டார். இருவரும் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லியோனார்ட் வரவில்லை. வந்து எட்டிப் பார்த்திருந்தால், அம்மியைத் தரையில் இறக்கிய பிறகு எந்த நாளில் பார்த்திருந்தாலும், கல்லில் அரைத்த ஈரம் காயாமல் இருந்ததைக் கண்டிருப்பார்.

அகத்தா அந்த அம்மியில் கடைசியாக மிளகாய் அரைத்தது 1962-ஆம் ஆண்டு பிப்ரவரி 17, சனிக்கிழமை.